மாலத்தீவில் வேலை பார்த்தவங்க, அந்த அரசியலை நேரில் பார்த்த அனுபவம் சொல்லுங்க

அட்டு டீச்சர்
தெற்குக் கோடியில் அட்டுவில் கணக்கு டீச்சரா இருந்தேன். 2023 தேர்தல் சமயம், வீட்டு ஓனர் ‘இண்டியா அவுட்’ போட்ட சிவப்பு டி-ஷர்ட்டோடதான் திரிவார். என்னைப் பார்த்தா மட்டும், “டீச்சர், உங்களை இல்ல, பட்டாளத்தை” என்று சிரிப்பார். அங்கே இருந்த இந்தியப் பட்டாளம் என்றாலும் மொத்தமே எண்பது பேர் சொச்சம்தான். அவங்க ஓட்டின ஹெலிகாப்டரிலும் டோர்னியர் குட்டி விமானத்திலும்தான் அவசர நோயாளிகளைத் தலைநகர் மாலேக்குக் கொண்டுபோவாங்க. அந்தக் கோஷத்தோட அதிபர் தேர்தலில் நின்ன முய்சு ஜெயிச்சார், 2024 மே 10க்குள் பட்டாளம் கிளம்பியது, அந்த இடத்துக்கு இந்தியாவிலிருந்தே சிவிலியன் டெக்னீஷியன்கள் வந்தாங்க. ஓனருக்கு அதில் பரம திருப்தி. கொஞ்ச நாளில் அவர் அம்மா மூட்டு வலிக்குத் திருவனந்தபுரத்தில் எந்த டாக்டரைப் பார்க்கலாம்னு என்கிட்டதான் விசாரிச்சார்!

எங்களைக் கடிச்சது டாலர். சம்பளம் அந்த நாட்டுக் காசான ருஃபியாவில் வரும். அரசு விலை டாலருக்கு 15.42, அந்த விலைக்கு வெளியே யாரும் தர மாட்டாங்க. அரிசியிலிருந்து டீசல் வரை எல்லாமே இறக்குமதி, நாட்டோட கடன் தவணை வேற, டாலர் எங்கே மிஞ்சும்? நான் ஊருக்குப் பணம் அனுப்பின வங்கி மாசம் 400 டாலர்னு வச்சிருந்த வரம்பை 2024 அக்டோபரில் 150 ஆக்கிடுச்சு. வீட்டு லோனுக்கே பத்தாது. ஸ்டாஃப் ரூமில் ‘அடுத்து யார் லீவில் ஊருக்குப் போறா, கையில் கொடுத்தனுப்பலாமா’ என்பதுதான் பேச்சு.

தூத்துக்குடி துறைமுகத்தான்
டீச்சர்க்கா, நாங்க அதை இந்தக் கரையிலிருந்து பார்த்தோம். டிவியில் ரெண்டு நாட்டுச் சண்டை ஓடிட்டிருந்த 2024 ஏப்ரலில்தான் மாலத்தீவுக்கு இவ்வளவு சரக்கு ஏற்றுமதி பண்ணலாம்னு இந்தியாவோட கோட்டா அறிவிப்பு வந்துச்சு. முட்டை மட்டும் எண்ணிக்கையில் 42 கோடிக்கு மேல. ஆத்து மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன். 1981ல் இந்த ஏற்பாடு தொடங்கினதிலிருந்து இவ்வளவு கொடுத்ததில்லையாம். அப்போ வெங்காய ஏற்றுமதிக்கே தடை இருந்துச்சு, மாலத்தீவுக்கு விலக்கு. அனுப்பலாம்னு குறிச்ச நாலு இடத்தில் நம்ம துறைமுகமும் ஒண்ணு. மணலுக்குத்தான் பேப்பர் வேலை ஜாஸ்தி, கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் அள்ளினது இல்லைன்னு காட்டணும். மாலே பையர் போன் பண்ணினா டெல்லி, பெய்ஜிங் பேச்சே கிடையாது. “அண்ணாச்சி, வெங்காயம் என்னைக்கு ஏறும்?” அவ்வளவுதான்.

பழைய மாலேக்காரன்
நான் இருந்தது 2014ல். டிசம்பர் 4 அன்னிக்குக் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையில் தீப்பிடிச்சு மாலே முழுக்கக் குழாய் வறண்டுபோச்சு. இந்தியா விமானத்திலும் கடற்படைக் கப்பலிலும் தண்ணி அனுப்புச்சு, சீனாவும் அனுப்புச்சு. ரெண்டையும் குடிச்சோம். ஆனா நான் நின்ன வரிசையில் உள்ளூர் அடையாள அட்டை கேட்டாங்க. பக்கத்தில் நின்ன பங்களாதேஷ் கட்டடத் தொழிலாளி வெறும் கையோட திரும்பினார். அப்போ தலைநகரத்துக்கே ஒரே ஆலை, மாத்து ஏற்பாடு இருந்ததில்ல. வெளியுறவுக் கொள்கைன்னு மணிக்கணக்கா பேசுறவங்க இதைப் பேசி நான் கேட்டதில்லை.

அட்டு டீச்சர்
இன்னொண்ணு விட்டுப்போச்சு. முய்சு டெல்லி போய் 400 மில்லியன் டாலர் ஸ்வாப் ஒப்பந்தம் (காசுக்கு மாத்தா டாலர் எடுத்துக்கிட்டு அப்புறம் திருப்பித் தர்ற ஏற்பாடு) வாங்கினது அக்டோபர் 7. எங்க வரம்பு 150 ஆனது அதே மாசக் கடைசியில்! இப்போ போறவங்க ரிசார்ட் வேலைன்னா சம்பளத்தை டாலரிலேயே கேட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்க. அரசுப் பள்ளின்னா ருஃபியாதான், அதுக்கேத்த மாதிரி ஊர்ல லோனைத் திட்டம் போட்டுக்கோங்க.