பெல்ட் மாத்தினதுல இருந்து இழுவை இல்ல, ஸ்கேனர்ல பி0016ன்னு எரர் வருது. மார்க் எல்லாம் நேராத்தான் இருக்கு!

நீலக்கார்:
1.4 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், ஒத்தை கேம் (வால்வுகளைத் திறக்கற தண்டு). கெடு வந்துடுச்சேன்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல டைமிங் பெல்ட் (கிராங்க் தண்டையும் கேமையும் சேர்த்து ஓட்டற பல் பெல்ட்) மாத்தினேன். அதுக்கு முந்தி வண்டியில ஒரு குறையும் இல்ல. இப்ப கிளட்ச்சை விட்டா முக்குது. 3,000 ஆர்பிஎம் தாண்டினா பழையபடி ஓடுது. ஐடில்ல லேசா ஆடுது. பி0016 எரர் கோடை அழிச்சாலும் திரும்ப வந்து உட்காருது.

திரும்பக் கொண்டுபோய்க் காட்டினா, "மார்க் கரெக்டா இருக்கு, சென்சாரை மாத்துங்க"ன்னு அனுப்பிட்டாங்க. நானே மேல் கவரைக் கழட்டிப் பார்த்தேன். கேம் மார்க் நேரா நிக்கிறப்ப, கிராங்க் புல்லியில இருக்கற வெட்டும் கவர்ல இருக்கற பூஜ்யத்துக்கு நேரா நிக்குது. அப்ப டைமிங் சரிதானே? சாக்கெட் செட், டார்க் ரென்ச், கம்ப்ரஷன் கேஜ் எல்லாம் கைவசம் இருக்கு. எங்க ஆரம்பிக்கட்டும்?

ஹைவேராசா:
கேம் சென்சார்தான் ப்ரோ. மாத்திப் போடுங்க, சரியாயிடும்.

பழையஸ்பானர்:
தம்பி, சென்சாரை இப்ப வாங்காதீங்க. சென்சாரோ வயரோ போயிருந்தா பெரும்பாலும் பி0340 மாதிரி வேற நம்பர் வரும். பி0016 வந்தா ரெண்டு சென்சாரும் சிக்னல் குடுக்குது, ஆனா கிராங்க் சொல்ற கணக்கும் கேம் சொல்ற கணக்கும் ஒத்துப்போகலன்னு அர்த்தம். அதுவும் பெல்ட்ல கை வச்ச அன்னிக்கே ஆரம்பிச்சிருக்கு. கீழ இழுவை இல்லாம மேல ஓடுதுன்னா கேம் வால்வை லேட்டா திறக்குதுன்னுதான் எனக்குத் தோணுது.

முதல்ல கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள ஏறற அழுத்தம், பாருங்க. நாலு பிளக்கையும் கழட்டி, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்து, காயில் கனெக்டரையும் பிடுங்கிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுசா அமுக்கி செல்ஃப் அடிங்க. நாலும் ஒரே அளவா குறைஞ்சிருந்தா டைமிங்தான். ஏதோ ஒண்ணு மட்டும் படுத்திருந்தா வால்வு, ரிங் பக்கம் போகணும்.

இப்ப அந்தப் புல்லிக்கு வருவோம். உங்களையும் அந்த மெக்கானிக்கையும் ஏமாத்துறது அதுதான்னு நினைக்கிறேன். அது ஒரே இரும்பு இல்ல. நடுவுல ஹப், சுத்தி வெளி வளையம், ரெண்டுக்கும் இடையில ரப்பர். ரப்பர் வயசாயி விட்டுப்போச்சுன்னா, ஆல்டர்னேட்டர், ஏசி இழுக்கற இழுப்புல வெளி வளையம் பின்வாங்கிடும். வெட்டு இருக்கறது அந்த வளையத்துல. வளையம் நகர்ந்தா வெட்டும் கூடவே போயிடும். வண்டி மட்டும் வழக்கம்போல ஓடிட்டே இருக்கும், ஏன்னா டைமிங் பெல்ட் ஓடறது உள்ள இருக்கற ஸ்ப்ராக்கெட்ல, அதாவது பல்சக்கரத்துல. பெல்ட் மாத்தறவர் அந்த வெட்டை நம்பி செட் பண்ணினாதான் வம்பு.

அதனால பிஸ்டனையே கேளுங்க. பேட்டரியைக் கழட்டிட்டு, கியரை நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக் போடுங்க. முதல் சிலிண்டர் பிளக் ஓட்டையில நீளமான, வளையாத ஒரு பிளாஸ்டிக் குச்சி விடுங்க. கிராங்க் போல்ட்ல சாக்கெட் போட்டு இன்ஜின் ஓடற திசையில மட்டும் மெதுவா திருப்புங்க. கேம் போல்ட்டைப் பிடிச்சுத் திருப்பவே கூடாது. எங்கயாவது கெட்டியா முட்டினா நிறுத்திடுங்க, பலம் காட்ட வேணாம்.

குச்சி மேல வந்து அசையாம நிக்கிற இடத்தை டாப்னு (பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம்) எடுத்துக்காதீங்க. அங்க கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் பிஸ்டன் நகர்றது தெரியாது. குச்சியில ஒரு கோடு போட்டுக்குங்க. ஏறும்போது கோடு பிளக் ஓட்டை விளிம்புக்கு வர்ற நேரம், பூஜ்யத்துக்கு நேரா புல்லி மேல ஒரு சாக்பீஸ் கோடு. திருப்பிட்டே போங்க, இறங்கும்போது அதே இடத்துக்கு வந்ததும் இன்னொண்ணு. ரெண்டுக்கும் நட்டநடுதான் நிஜமான டாப். வெட்டு அங்க இருக்கான்னு பாருங்க.

நீலக்கார்:
அண்ணே, பார்த்துட்டேன். கம்ப்ரஷன் 130, 128, 131, 129 பிஎஸ்ஐ. மேனுவல்ல 170 போட்டிருக்கு. சாக்பீஸ் கோடு ரெண்டுக்கும் நடுவுல இருந்து வெட்டு ரெண்டு சென்டிமீட்டருக்கு மேலயே தள்ளி இருக்கு! டாப்புல நிறுத்தினா வெட்டு இன்னும் பூஜ்யத்துக்கு வந்து சேரல. டார்ச் அடிச்சுப் பார்த்தா புல்லியோட முன்பக்கம் ஒரு இடத்துல ரப்பர் பிதுங்கி நிக்குது, சுத்திலும் பொடிப்பொடியா வெடிப்பு.

பழையஸ்பானர்:
அப்ப ஒரு பல் தப்பியிருக்கு. கிராங்க் ஸ்ப்ராக்கெட்ல 20 பல்லுன்னா ஒரு பல்லுக்கு 18 டிகிரி. 14 சென்டிமீட்டர் அகல புல்லியோட விளிம்புல அது 22 மில்லிமீட்டர். உங்க அளவோட ஒத்துப்போகுதா?

புல்லியைக் கழட்டி எறிஞ்சுட்டு புதுசு போடுங்க, ஒட்டுப்போடற வேலை வேணாம். கழட்டினதும் உள்ள ஸ்ப்ராக்கெட்ல ஒரு மார்க், ஆயில் பம்ப் உடம்புல ஒரு மார்க் இருக்கும். அதுதான் நகராத மார்க். ஸ்ப்ராக்கெட்டைக் கிராங்க்ல பூட்டற சாவிக்கட்டை அறுந்திருக்கான்னும் பாருங்க. பெல்ட் மாட்டும்போது டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கற உருளை) இல்லாத பக்கம் விறைப்பா இருக்கணும், தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கமே விழணும். அப்புறம் கையாலயே ரெண்டு சுத்து முழுசா சுத்தி மறுபடி மார்க் பாருங்க. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினாத்தான் கேம் ஒரு சுத்து வரும், அதனால ஒரே சுத்துல பார்த்துட்டு எழுந்துடாதீங்க. கிராங்க் போல்ட்டைத் திரும்பப் போடலாமா, புதுசு வேணுமான்னு மேனுவல்ல இருக்கும். டார்க்கும் அதுலயே.

எண்ணெய்க்கை:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். என் வண்டி செயின். எனக்கும் பி0016. இதேதானா?

பழையஸ்பானர்:
செயினா இருந்தா முதல்ல ஆயில் அளவு, ஆயில் பழசா, அப்புறம் விவிடி சாலினாய்டு (ஆயிலை விட்டு கேம் டைமிங்கை மாத்தற வால்வு). காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கடகடன்னு சத்தம் வந்து அடங்கினா செயின் நீண்டிருக்கும், இல்ல டென்ஷனர் போயிருக்கும். தனி திரி போடுங்க, பேசலாம்.

நீலக்கார்:
புதுப் புல்லி மாட்டியாச்சு. உள் மார்க்ல கிராங்கை நிறுத்தினப்ப கேம் ஒரு பல் பின்னாடிதான் இருந்துச்சு. மாத்தி மாட்டி, சுத்திப் பார்த்து, கம்ப்ரஷன் எடுத்தேன்: நாலும் 165க்கும் 170க்கும் நடுவுல. எரர் கோடை அழிச்சு மேட்டுல மூணாவது கியர்ல ஏத்திப் பார்த்தேன், முக்கவே இல்ல. பி0016 இதுவரைக்கும் வரல. பழைய புல்லியை அந்த ஒர்க்‌ஷாப்ல கொண்டுபோய்க் காட்டலாம்னு இருக்கேன்.

பழையஸ்பானர்:
காட்டுங்க, காட்டுங்க. ஹப்புலயும் வளையத்துலயும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு, கையால திருகிக் காட்டினா இன்னும் நல்லது.