வரிசை எண் 3-லேயே நிற்கிறது: காஸ்ட்டை மாற்றுவதா, கர்னலைச் சரிசெய்யச் சொல்வதா?

கம்பிவலை:
எனக்குக் கைமாறி வந்த ஒரு சி புரோகிராம். சென்சார்கள் யுடிபி வழியாக அனுப்பும் பாக்கெட்டுகளை வாங்கிப் பதிவு செய்யும். முதல் பைட் செய்தி வகை, அடுத்த 4 பைட் வரிசை எண். பாக்கெட் வந்து விழும் பஃபரின் 1-ஆவது பைட் (0-இலிருந்து எண்ணி) முகவரியை அப்படியே 32 பிட் பாயின்டராகக் காஸ்ட் செய்து (வகையை மட்டும் மாற்றி), என்டிஓஹெச்எல் (நெட்வொர்க் பைட் வரிசையை மெஷினின் வரிசைக்கு மாற்றும் ஃபங்ஷன்) போட்டு எடுக்கிறது. பிசியில் ஒழுங்காக ஓடுகிறது. பழைய ஆர்ம் வி5 (ARMv5) பிராசசர் போர்டில் மட்டும் வரிசை எண் 3, 3, 3 என்றே வருகிறது. திடீரென 259-க்குத் தாவி அங்கே நிற்கிறது, அப்புறம் 515. கிராஷ் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் பார்த்தால் பாக்கெட் சரியாகவே வந்திருக்கிறது.

பைட்கணக்கு:
உங்கள் செய்தி வகையின் எண் 3 தானே? ஆர்ம் வி5-இல் 4-ஆல் வகுபடாத முகவரியிலிருந்து 32 பிட் படித்தால், அதற்கு முன்னால் உள்ள வகுபடும் முகவரியின் 4 பைட்டை எடுத்துச் சுழற்றிக் கொடுத்துவிடும். பஃபரில் 03 00 00 00 07 இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது 00 00 00 07, கிடைப்பது 00 00 00 03. கடைசி பைட் இருக்க வேண்டிய இடத்தில் வகை பைட் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எண் 255-ஐத் தாண்டியதும் மேல் பைட் மாறுகிறது, அதனால்தான் 256 + 3 = 259. காஸ்ட்டை எடுத்துவிட்டு, பைட்டுகளை நகலெடுக்கும் மெம்காபி (memcpy) போடுங்கள்.

பழையபோர்ட்:
விளக்கம் சரி, தீர்வு அதிகப்படி. லினக்ஸில் ப்ராக் அடியில் சிபியு/அலைன்மென்ட் (/proc/cpu/alignment) என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 2 என்று எழுதினால் கர்னலே சரிசெய்து கொடுக்கும். எக்ஸ்86 (பிசி பிராசசர்), 64 பிட் ஆர்ம் இரண்டும் சாதாரண மெமரியில் இப்படிப் படிப்பதைத் தாங்கும். ஒரு பழைய போர்டுக்காக, பல வருடமாக ஓடும் கோடில் கை வைப்பானேன்?

பைட்கணக்கு:
அந்த 2, ஒவ்வொரு தப்பான படிப்புக்கும் கர்னலுக்குள் போய்த் திரும்பும் (இதுதான் டிராப், trap). பாக்கெட் குவியும்போது போர்டு திணறும். அதைவிட முக்கியம், இது போர்டின் குறையே இல்லை. பொருந்தாத முகவரியை 32 பிட் பாயின்டராக மாற்றுவதையே சி தரநிலை வரையறுக்காமல் விட்டிருக்கிறது. அந்தப் பாயின்டர் 4-ஆல் வகுபடும் என்று கம்பைலர் நம்பிக்கொள்ளும். செக்சம் லூப் (பாக்கெட் பழுதாகவில்லையா என்று கூட்டிப் பார்ப்பது) மாதிரி ஒன்றை, ஓ3 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் ஜிசிசி கம்பைலர் வெக்டராக (பல எண்களை ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் கையாள்வதாக) மாற்றும்போது, 16 பைட் எல்லை கேட்கும் இன்ஸ்ட்ரக்ஷனைப் போட்டால் எக்ஸ்86-லேயே கிராஷ் ஆகும். பிசியில் ஓடுவது இன்றைய கம்பைலரின் தயவு.

பழையபோர்ட்:
சரி, அப்படியானால் ஸ்ட்ரக்டுக்கு பேக்டு (ஃபீல்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாதே என்ற குறிப்பு) போட்டால் போதுமே. எங்கே எந்த பைட் என்று ஒரே இடத்தில் தெரியும். முப்பது நாற்பது ஃபீல்டு உள்ள ஹெடருக்கு வரிக்கு வரி மெம்காபி எழுதினால் யார் படிப்பார்? லினக்ஸ் கர்னலே ஐபி ஹெடரை ஸ்ட்ரக்ட் பாயின்டராகத்தான் பார்க்கிறது.

பைட்கணக்கு:
கர்னல் அதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் பார்க்கிறது. ஈதர்நெட் ஹெடர் 14 பைட், அதனால் ஐபி ஹெடர் 4-ஆல் வகுபடாத இடத்தில் விழும். டிரைவர் முன்னாலேயே 2 பைட் ஒதுக்கி, ஐபியை 16-இல் தொடங்க வைக்கிறது. அப்படி ஒதுக்க முடியாத இடங்களுக்குத் தனி ஃபங்ஷன்களே வைத்திருக்கிறார்கள்.

பேக்டு ஸ்ட்ரக்ட் வழியாக நேரே படிக்கும்வரை நீங்கள் சொல்வது சரிதான். அதன் ஒரு ஃபீல்டின் முகவரியை எடுத்து இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்பினால், பேக்டு என்ற தகவல் அங்கே போகாது. ஜிசிசி 9-இலிருந்து இதற்கு எச்சரிக்கை தருகிறது. அதை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று, கம்பைல் கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைலைப் பாருங்கள்.

கம்பிவலை:
அணைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். மெம்காபி போட்டால் வேகம் குறையாதா?

பைட்கணக்கு:
4 என்று அளவு நிலையாக இருந்தால், ஆப்டிமைசேஷனோடு எக்ஸ்86-இலும் 64 பிட் ஆர்மிலும் அது ஒரே லோடு இன்ஸ்ட்ரக்ஷனாகிவிடும். வி5-இல் பைட் பைட்டாக எடுக்க வேண்டியிருக்கும், ஆனாலும் டிராப்பைவிட எவ்வளவோ மேல். ஃபீல்டுக்கு ஃபீல்டு எழுத வேண்டாம். பெரு எண்டியன் (மேல் பைட் முதலில் வரும்) 32 பிட் படிக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்று, 16-க்கு ஒன்று. பைட்டுகளை ஷிப்ட் செய்து சேர்த்தால் என்டிஓஹெச்எல்-உம் தேவையில்லை. பேக்டு போட்டாலும் பைட் வரிசைப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

பழையபோர்ட்:
அந்த இரண்டு ஃபங்ஷனுக்கு நான் சம்மதம். பெரிய ஹெடர்களுக்கு பேக்டு ஸ்ட்ரக்ட் இருக்கட்டும், ஃபீல்டின் முகவரியை எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு. எச்சரிக்கையைத் திரும்பப் போட்டு, அதைப் பிழையாகவே ஆக்கிவிடுங்கள்.

கம்பிவலை:
பிசியிலேயே அலைன்மென்ட் சானிடைசர் (பொருந்தாத முகவரிப் படிப்பை ஓடும்போதே காட்டிக்கொடுக்கும் கம்பைலர் வசதி) போட்டு ஓட்டினேன். இந்த வரியோடு, டைம்ஸ்டாம்ப் படிக்கும் இடமும் செக்சம் லூப்பும் மாட்டின. முதலில் செக்சத்தை மாற்றுகிறேன். டைம்ஸ்டாம்ப் லாங் டைப்பில் இருக்கிறது. பிசியில் 8 பைட், போர்டில் 4. அதற்குத் தனி இழை போடவா, இங்கேயே கேட்கவா?