40ஆம் நிலைக்குள் 100 தங்கம்: ஏலத்தில் எப்போது போடுவது?

வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற இணைய விளையாட்டில், சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து ஓஷியானிக் (ஆஸ்திரேலிய நேர) சர்வரில் ஆடுகிறவர்கள் வழி சொல்லுங்கள்.

என் பாத்திரம் ஹன்டர் (வேட்டைக்காரர்), 32ஆம் நிலை. கையில் விளையாட்டுப் பணம் 38 தங்கம். 40இல் குதிரைப் பயிற்சிக்கும் குதிரைக்கும் சேர்த்து 100 வேண்டும். தொழில்கள் ஸ்கின்னிங் (தோல் உரிப்பது), மைனிங் (தாது எடுப்பது). மைனிங்கோடு மூலிகையை எடுக்கவில்லை, ஏனென்றால் தாதுவோ மூலிகையோ இருக்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் தேடல் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இயங்கும். தோலுக்கோ தேடலே வேண்டாம், கொன்ற விலங்கை உரித்தால் போதும். ஸ்ட்ராங்கிள்தோர்ன் காட்டில் புலிகளை அடித்தபடியே இரும்புத்தாதும் எடுக்க முடிகிறது. பயிற்சியாளரிடம் அவசியமான திறன்களை மட்டும் வாங்குகிறேன். அம்புச் செலவைத்தான் குறைக்க முடியவில்லை.

சிக்கல், ஆடுகிறவர்கள் தங்களுக்குள் பொருள் விற்கும் ஏலக்கூடத்தில். விற்றால் 5% கழிவு, அது பரவாயில்லை. விற்காவிட்டால், ஏலத்தில் போடும்போது கட்டிய முன்பணம் போய்விடும். அந்த முன்பணம், விளையாட்டின் கடைக்காரர் அந்தப் பொருளுக்குத் தரும் விலையையும் ஏல நேரத்தையும் பொறுத்தது. கடைக்காரர் விலை குறைவு என்பதால் பட்டுத்துணிக்குப் பெரிய இழப்பில்லை. பச்சைநிறப் பெயர் கொண்ட (சாதாரணத்துக்கு ஒரு படி மேலான) கவசமும் ஆயுதமும்தான் இரண்டு முறை திரும்பி வந்தாலே லாபத்தைத் தின்றுவிடுகின்றன.

நமக்கு இரவு 10 மணி என்றால் சிட்னியில் நள்ளிரவு, கோடை நேரத்தில் 1 மணி. வாங்குகிறவர்கள் உறங்கப் போய்விடுகிறார்கள்.

வேலை நாளில் மாலை 6 மணிக்கே குறுகிய ஏலமாகப் போடுவதா, சனி ஞாயிறு வரை வங்கியில் சேர்த்து வைப்பதா? பட்டுத்துணியை 20ஆகக் கட்டுவதா, ஐந்தைந்தாகவா? பச்சைப் பொருளில் எதை நேரே கடைக்காரரிடம் தள்ளிவிடலாம்?

தங்கத்தைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லாதீர்கள், கணக்கையே முடக்கிவிடுவார்கள்.