புதிய கோரிடோராஸ் மீன் பதுங்கியே கிடக்கிறது

கேள்வி:
நேற்று வாங்கி வந்த கோரிடோராஸ் கெளுத்தி, தொட்டியில் விட்டதிலிருந்து மரக்கட்டையின் அடியிலேயே பதுங்கியிருப்பதோடு, எப்போதாவது மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டுத் திரும்புகிறது. அடியில் கூரான சரளைக்கல் பரப்பியுள்ளேன். இது நோயின் அறிகுறியா?

மறுமொழி 1:
நோயன்று, இம்மீன்கள் விழுங்கும் காற்றிலிருந்து குடல்வழியே ஆக்சிஜனைப் பெறும். ஆனால் ஓயாமல் மேலே வந்தால் தொட்டி நீரில் அம்மோனியா (மீன்கழிவிலிருந்து சேரும் நச்சு) உள்ளதா எனச் சோதியுங்கள். இன்று விளக்கை அணைத்தே வையுங்கள்.

மறுமொழி 2:
சரளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். மீசையால் அடித்தளத்தைத் துழாவி உண்ணும் மீனுக்கு மென்மணலே ஏற்றது. மேலும், கூட்டமாக வாழும் இனம் என்பதால், தொட்டியின் கொள்ளளவு இடங்கொடுத்தால், அதே இனத்தில் ஆறு மீன்களாவது இருக்குமாறு சிறிது சிறிதாகச் சேர்த்து வாருங்கள். தனியாக விட்டால் பதுங்கத்தான் செய்யும்.

மறுமொழி 3:
இடம் மாற்றும்போது வலைக்குப் பதில் கிண்ணத்தைப் பயன்படுத்துங்கள். துடுப்பு முட்கள் வலையில் சிக்கிக்கொள்ளும்.