செத்த பலகை, செல்லாத சாவி: பழைய கருவியின் வரிசை எண் பூட்டைத் தாண்டலாமா?

ஈயப்பற்று (ஈசூன்):
சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பு அங்கே ஒரு லாஜிக் அனலைசர் (மின்சுற்றின் 0, 1 சமிக்ஞைகளைப் பதிந்து காட்டும் கருவி) வாங்கினேன். சென்ற மாதம் பேட்டரி கசிந்து அதன் தாய்ப்பலகையை அரித்துவிட்டது. அதே மாடலின் உடைந்த கருவி ஒன்றிலிருந்து பலகையைக் கழற்றிப் பொருத்தினேன். கருவி எழுந்துவிட்டது. ஆனால் முதல் உரிமையாளர் பணம் கொடுத்து வாங்கிய கூடுதல் வசதிகள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. பலகையில் இருக்கும் டிஎஸ்2401 என்ற மூன்று கால் சிப்தான் காரணம். அதில் 64 பிட் வரிசை எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது: 8 பிட் வகைக் குறியீடு, 48 பிட் தனி எண், 8 பிட் சரிபார்ப்பு. வசதிகளைத் திறக்கத் தயாரிப்பாளர் தரும் குறியீடான உரிமச் சாவி அந்த எண்ணுக்கு மட்டுமே திறக்கும். தயாரிப்பாளருக்கு எழுதினேன். இந்த மாடலுக்கு இனிச் சாவி தருவதில்லை என்று பதில் வந்தது. பழைய சிப்பின் கால்கள் அரித்து ஒடிந்துவிட்டன. ஒரு மைக்ரோகன்ட்ரோலரை (நிரல் எழுதக்கூடிய சிறு கணினிச் சிப்பை) வைத்துப் பழைய எண்ணைச் சொல்ல வைக்கப் போகிறேன். இதில் திருட்டு எங்கே இருக்கிறது?

அளவுகோல் (தோ பாயோ):
தம்பி, கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துச் சரிசெய்யும் அளவுத்திருத்த ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் இருந்தவன் சொல்கிறேன். வரிசை எண்ணை வெறும் பூட்டாக மட்டும் பார்க்காதீர்கள். ஒரு கருவிக்கு நாங்கள் கொடுக்கும் சான்றிதழ் அந்த எண்ணின் பேரில்தான் நிற்கிறது. எண்ணை நகலெடுக்கப் பழகினால் ஒரு கருவியின் சான்றிதழ் இன்னொன்றுக்குப் போய்விடும். தவறாகக் காட்டும் கருவியை நம்பி ஒருவர் மின்சாரத்தில் கைவைப்பார். சட்டமும் இருக்கிறது. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள சிங்கப்பூரின் பதிப்புரிமைச் சட்டம், அணுகலைக் கட்டுப்படுத்தும் பூட்டுகளைத் தாண்டுவதைத் தடை செய்கிறது.

ஈயப்பற்று:
ஐயா, இதே சிக்கலை அமெரிக்கா எப்பொழுதோ பார்த்துவிட்டது. மென்பொருளைத் திறக்கக் கணினியில் செருகும் சிறு சாவிக் கருவியான டாங்கிள் பழுதாகி, அது வழக்கொழிந்தும் போனால், அந்த மென்பொருளின் பூட்டைத் தாண்டலாம் என்று 2003, 2006, 2010 ஆகிய ஆண்டுகளில் விலக்கு அளித்தார்கள். தயாரிப்பு நின்றுபோனாலோ, மாற்றோ பழுதுபார்ப்போ சந்தையில் நியாயமாகக் கிடைக்காவிட்டாலோ அது வழக்கொழிந்தது என்பது அவர்கள் வரையறை. என் சிப்புக்கு அந்த வார்த்தைகள் அப்படியே பொருந்துகின்றன.

அளவுகோல்:
பொருந்தலாம். ஆனால் அமெரிக்காவின் 2012 விலக்குப் பட்டியலில் அது இல்லை. அமெரிக்க விலக்கு நம் ஊரில் செல்லவும் செல்லாது. இன்னொன்றையும் கேளுங்கள். வாங்கியதை மீட்பது என்று தொடங்குகிறவர்கள் பலர், வாங்காத வசதியைத் திறப்பதில் போய் நிற்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே கம்பி, ஒரே நிரல்.

மின்தடை (பாலிடெக்னிக் ஆய்வுக்கூடம்):
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் டிஎஸ்1245 போன்ற நினைவகச் சிப் இருக்கும். அதற்குள்ளேயே லித்தியம் பேட்டரி, தாங்குவது ஏறத்தாழ 10 ஆண்டுகள். அது தீர்ந்தால் வசதிகளோடு அளவுத்திருத்த மதிப்புகளும் சில கருவிகளில் அழிந்துவிடும். எங்கள் கூடத்தில் நல்ல அலைக்காட்டி ஒன்று இப்படித்தான் குப்பைக்குப் போனது. இன்னும் மனம் ஆறவில்லை. கருவி ஓடும்போதே உள்ளடக்கத்தைப் படித்துச் சேமித்து வையுங்கள். அதில் எந்தப் பூட்டும் உடைவதில்லை.

ஈயப்பற்று:
அதை இன்றிரவே செய்கிறேன். ஆனால் ஐயா, நான் இந்தக் கருவியை யாருக்கும் விற்கப் போவதில்லை, சான்றிதழும் கேட்கப் போவதில்லை. பலகை மாற்றப்பட்டது என்று முகப்பிலேயே எழுதி ஒட்டுகிறேன். பணம் கொடுத்த வசதி தயாரிப்பாளரின் மௌனத்தால் சாவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அளவுகோல்:
மைக்ரோகன்ட்ரோலருக்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் பழைய சிப்பை எறிந்துவிடாதீர்கள். கால் ஒடிந்திருந்தாலும் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் தேய்த்தால் உள்ளே உலோக நுனி தெரியும். அதில் மெல்லிய கம்பியைப் பற்றவைக்கலாம். அசல் சிப், அசல் எண், நகல் ஏதும் இல்லை. என்னிடம் நுண்ணோக்கி இருக்கிறது. சனிக்கிழமை காலை சிம் லிம் டவர் வாசலுக்குச் சிப்பை எடுத்து வாருங்கள்.