சிமெண்ட் மேடையில் மஞ்சள் சிவந்த காலை: உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்ததா?

வடவள்ளி வீடு

புதுமனை புகுவிழா முடிந்து நாலு மாதம் ஆகிறது. அந்தக் காலை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

கிரானைட் வேண்டாம் என்று சொன்னது நான்தான். அடுப்பு மேடையும் சிங்க்கும் ஒரே வார்ப்பாகச் சாம்பல் நிறக் கான்கிரீட்டில் வேண்டும் என்று கேட்டேன். மழுங்கிய மூலை, பாத்திரம் கவிழ்க்கும் பக்கம் தண்ணீர் வழிய நாலு வரிப்பள்ளம். ஆசைப்பட்டது ஆசைப்பட்டபடியே வந்திருந்தது. வார்த்த பன்னிரண்டாம் நாள் பால் காய்ச்சினோம். கறை இறங்காமல் காக்கும் சீலர் பூச்சை விழா முடிந்ததும் அடித்துக்கொள்ளலாம் என்று செய்து கொடுத்தவர் சொல்லிவிட்டார்.

அத்தை பிள்ளையார் பிடிக்க மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தார். கிண்ணம் சரிந்தது. நான் துணி எடுத்து வருவதற்குள் மேடையில் கிடந்த மஞ்சள் சிவந்துகொண்டிருந்தது. நடுவில் குங்குமச் சிவப்பு, ஓரத்தில் மட்டும் இன்னும் மஞ்சள். அத்தை பார்த்துவிட்டு, "ஆரத்தித் தட்டு மாதிரி இருக்கே" என்றார். அதை நல்லதாகச் சொன்னாரா, பயந்து சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

எலுமிச்சை தேய்த்தால் போகும் என்று ஒரு சித்தி சொன்னார். தேய்த்தேன். சிவப்பு போய்த் திரும்பவும் மஞ்சளானது. ஆனால் தேய்த்த இடம் முழுவதும் வெளுத்து, கை வைத்தால் சொரசொரவென்று ஆகிவிட்டது. உள்ளங்கை அகலம் இருந்த கறை இப்போது இரண்டு உள்ளங்கை அகலத் தழும்பு.

மேடை எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. அதனால்தான் தினமும் அந்த இடத்தில் கண் போய் நிற்கிறது. கான்கிரீட்டில் மேடை, மேசை, திண்ணை என்று செய்துகொண்டவர்கள் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

மாட்டுத்தாவணி

உங்களுக்கு மேலே விழுந்தது. எனக்கு உள்ளேயே இருந்து வந்தது.

அம்மா போன பிறகு அவருடைய கண்ணாடி வளையல்கள் ஒரு டப்பா நிறைய மிஞ்சின. கலிபோர்னியாவில் ஃபூ-துங் செங் என்பவர் 1980-களிலிருந்தே கான்கிரீட் மேடைகள் செய்து வந்தவர். அம்மோனைட் என்கிற புதைபடிவக் கடல் ஓடுகளை மேற்பரப்பில் பதித்திருப்பார். அந்தப் படங்களைப் பார்த்தபோதுதான் வளையல் நினைப்பு வந்தது. வெள்ளை சிமெண்ட், மார்பிள் சில்லு, நடுவே வளையல் துண்டுகள் என்று மொசைக் முறையில் ஒரு டீப்பாய். மொசைக் தரை போட்டுப் பழகிய ஒரு பெரியவர் கிடைத்தார். "கண்ணாடி வேண்டாம்மா, சிமெண்டுக்கு ஆகாது" என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கல் மாற்றிக் கல் மாற்றித் தேய்த்து, தேய்த்ததில் வந்த சிமெண்ட் பாலை வாளித் தண்ணீரால் கழுவியபோது பச்சையும் சிவப்புமாக வளையல் துண்டுகள் பிறை பிறையாகத் தெரிந்தன. அம்மா கையை நீட்டியது போல இருந்தது. அந்தப் பெரியவரும் வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பால்கனியில் வைத்தேன். சாரல் அடிக்கும் இடம். இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது சில துண்டுகளைச் சுற்றி வெள்ளையாகப் பசை போல ஏதோ கசிந்திருந்தது, மயிரிழை மயிரிழையாக விரிசல். ஒரு பச்சைத் துண்டு கழன்று தரையில் கிடந்தது. அதைப் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

காவிரிக்கரை

எனக்கு மேசை இல்லை, திண்ணை. சிவப்பு ஆக்சைடு போட்டு, சாய்ந்து உட்கார வளைவு வைத்து, அடியில் ஒளிந்த விளக்கு. 'பாரம்பரிய முறை' என்று சொல்லித்தான் செய்து கொடுத்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரை என் கண் முன்னால்தான் கலவையில் ஊற்றினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, வீடியோ கூட எடுத்தேன்.

நாலாம் நாள் காலை கதவைத் திறந்தால் திண்ணையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பூனை நடந்த தடம். ஒவ்வொரு விரலும் தெளிவாகப் பதிந்திருக்கிறது. நாலு நாள் ஆன சிமெண்டில்! விரலை வைத்து அழுத்தினேன், இறங்கியது.

இடித்து அள்ளினோம். கூலி, ஆக்சைடு, விளக்கு எல்லாம் போச்சு. அந்தத் தடம் கண்ணிலேயே நிற்கிறது.

செங்கல்பட்டு பட்டறை

நான் இந்த வேலையையே செய்கிறவன், அதனால் மூன்று பேருக்கும் சொல்லிவிடுகிறேன்.

வடவள்ளி அக்கா, சிமெண்ட் இறுகும்போது உள்ளிருந்து சுண்ணாம்பு வெளிவரும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆரத்தி, உங்கள் அத்தை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எலுமிச்சைப் புளிப்பு அந்தச் சுண்ணாம்பின் காரத்தை முறித்ததால் மஞ்சள் திரும்பியது. அதே புளிப்பு மேல்தோலையும் அரித்ததால் சொரசொரப்பு வந்தது. புளி, தயிர், தக்காளி எல்லாமே சீலர் இல்லாத மேடையில் இதைச் செய்யும். மஞ்சள் நிறம் வெளிச்சம் பட்டால் தானாக மங்கிவிடும். அரித்த இடம் தானாகச் சரியாகாது, வைரத்தூள் பதித்த தேய்ப்புத் தட்டு, அதாவது வைரப் பேடு போட்டு இழைக்க வேண்டும்.

மாட்டுத்தாவணி அக்கா, அந்தப் பெரியவர் சொன்னதுதான் உண்மை. சிமெண்டின் காரமும் ஈரமும் சேர்ந்தால் கண்ணாடியில் உள்ள சிலிகா பசையாக மாறும். அது தண்ணீர் குடித்து உப்பும், சுற்றி இருப்பதை வெடிக்க வைக்கும். மெல்லிய பலகை வார்க்க நாங்கள் கண்ணாடி இழை கலக்கிறோம். அதற்கும் சாதாரண இழை உதவாது, சிர்கோனியா சேர்த்த, காரம் தாங்கும் இழைதான் வாங்குகிறோம். சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து ஃப்ளை ஆஷ் என்கிற நிலக்கரிச் சாம்பல் அல்லது மெட்டாகயோலின் என்கிற சுட்ட வெண்களிமண் தூள் சேர்த்திருந்தால் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மீதி டீப்பாயை உடனே வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

காவிரிக்கரை சார், கடுக்காயும் வெல்லமும் சுண்ணாம்புக் கலவைக்கு உரியவை. சுண்ணாம்பு காற்றைக் குடித்து மெதுவாக இறுகுவது. சிமெண்ட் வேறு சாதி. சர்க்கரை கொஞ்சம் சேர்ந்தாலே அது இறுகாமல் நின்றுவிடும். ரெடிமிக்ஸ் லாரி வழியில் மாட்டிக்கொண்டால் டிரம்முக்குள் கலவை கட்டிவிடாமல் இருக்கச் சர்க்கரை கொட்டுவதுண்டு. பாரம்பரியம் வேண்டுமென்றால் முழுவதும் சுண்ணாம்பில் போக வேண்டும், இல்லையென்றால் சிமெண்டைச் சிமெண்டாக விட வேண்டும்.

என் அனுபவம் சின்னது. 9 அடிக்கு 2 அடி மேடை, ஒன்றரை அங்குலக் கனம். சதுர அடிக்கு எட்டரை கிலோ வரும், மொத்தம் சுமார் 150 கிலோ. மூன்றாவது மாடிக்கு ஆறு பேர் படுக்கை வாக்கில் தூக்கிப் போனோம். இரண்டாவது திருப்பத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிங்க்குக்கு விட்ட துவாரத்தின் மூலையிலிருந்து விளிம்பு வரை கோடு. ஆறு பேரும் அசையாமல் நின்றோம். கீழே வைக்கவும் இடமில்லை.

அதற்குப் பிறகு சிங்க் மூலைகளை நான் சதுரமாக வெட்டுவதே இல்லை, வளைத்துவிடுவேன். கண்ணாடிப் பலகை தூக்குவது போல நிமிர்த்தித்தான் தூக்குவோம். மேடை செய்யப் போகிறவர்கள் இன்னொன்றும் கேளுங்கள். குறைந்தது ஏழு நாள் ஈரச் சாக்கு, 28 நாள் வரை பொறுமை. சீலரில் இரண்டு விதம். உள்ளே ஊடுருவுகிற சைலேன் வகை தண்ணீரை நிறுத்தும், புளியை நிறுத்தாது. மேலே படலமாக நிற்கிற பாலியூரித்தேன் புளியை நிறுத்தும், ஆனால் கொதிக்கிற குக்கரை நேராக வைத்தால் தடம் விழும். அதே படல வகையில் எபாக்சி, வெயில் படும் ஜன்னலோரத்தில் மஞ்சளாகும். எந்தச் சீலர் என்றாலும் அதே கலவையில் ஒரு துண்டு வார்த்து, அதில் அடித்துத் தரச் சொல்லுங்கள். அந்தத் துண்டில் எண்ணெய், புளித்தண்ணீர், மஞ்சள் மூன்றையும் ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். துண்டு தர மறுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். நிறத்தூள் சிமெண்ட் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இன்னும் அடர்த்தி வேண்டுமென்று கொட்டினால் பலம்தான் குறையும். தேங்காய் எண்ணெய் தேய்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். சமையல் மேடையில் அது தூசியைப் பிடித்துப் பிசுக்காகத்தான் நிற்கும்.

காவிரிக்கரை

பட்டறை சார், விளக்கத்துக்கு நன்றி. ஆனால் 'சிமெண்டைச் சிமெண்டாக விட வேண்டும்' என்று என்னிடம் சொல்லி என்ன பயன்? நான் வெல்லம் கேட்கவில்லை. தொழில் தெரிந்தவர் என்று நம்பிக் கொடுத்த வேலை. இப்போது யாரைப் பார்த்தாலும் பழைய முறை என்கிறார்கள், எந்தப் பொருளுக்கு எந்த முறை என்று கேட்டால் பதில் வருவதில்லை. என் ஆதங்கம் அதுதான்.

செட்டிநாட்டுப் பேத்தி

தேங்காய் எண்ணெய் பற்றிச் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். எங்கள் ஆயா வீட்டு முகப்பில் ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் செய்த சிமெண்ட் தரை ஓடு. எந்தச் சீலரும் கிடையாது. துடைத்துத் துடைத்து, எப்போதாவது எண்ணெய் தொட்டுத் துடைத்து வந்த பளபளப்புதான். குனிந்தால் முகம் தெரியும்.

போன வருடம் ஒரு மேசைக்காக ஆத்தங்குடிக்கே போயிருந்தேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து நிறக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே காய்ந்த சிமெண்ட்-மணல் தூவி, அப்புறம் ஈரக் கலவை அழுத்தி மூடுகிறார்கள். ஆக, பூவைத் தலைகீழாகத்தான் வரைகிறார்கள். தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்து காய்ந்த ஒரு கல்லைக் காட்டி, அந்த அண்ணன் கண்ணாடியை மெதுவாக நழுவ விட்டார். கண்ணாடி போய்விட்டது, அதன் பளபளப்பு மட்டும் சிமெண்டிலேயே இருந்தது! பாலிஷ் மெஷின் எதுவும் இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. ஆயா இருந்திருந்தால் கூட்டிப் போயிருப்பேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், முகப்பில் யாரும் புளி கரைப்பதில்லை. என் மேசையில் ரசம் சிந்திய இடம் மங்கித்தான் போனது.

கோண்டாவில்

எங்கட பக்கம் சீமெந்து என்போம். யாழ்ப்பாணத்தில் அம்மப்பா கட்டின வீட்டு விறாந்தையில் ஒரு சிவப்புக் குந்து, நீங்கள் திண்ணை என்பது. நடுப்பகுதி உடைந்து கிடந்தது. மிச்சத்தை இடித்து, இப்போது எல்லா வீட்டிலும் போடுகிற சாம்பல் டைட்டானியம் பூச்சுப் போடலாம் என்று தம்பி சொன்னான். அம்மா வேண்டாம் என்றார். உடைந்த இடத்தை மட்டும் அதே சிவப்பில் நிரப்ப ஒரு மேசனைப் பிடித்தோம்.

நல்ல மனிசன். நாலு விதமாகக் கலந்து நாலு துண்டு செய்து வைத்துப் பார்த்தார். ஈரத்தில் நாலும் பொருந்துகிற மாதிரி இருக்கும், காய்ந்தால் ஒன்றும் சேராது. கடைசியில் கிட்டத்தட்டச் சரியாக வந்த ஒன்றைப் போட்டார். கரணையால் மினுக்கி, நாளுக்கு மூன்று தரம் தண்ணீர் விட்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு மெழுகும் தேய்த்தார்.

கடைசி நாள் ஒரு வாளித் தண்ணீரை முழுக் குந்திலும் ஊற்றினார். பழசும் புதுசும் ஒரே சிவப்பு. எங்கே உடைந்திருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அம்மா அந்த ஈரத்திலேயே போய், அம்மப்பா வழக்கமாய்க் குந்துகிற மூலையில் குந்தினார். சேலை நனைந்தது. ஒருவரும் பேசவில்லை. வெயில் ஏற ஏறக் கோடு திரும்ப வந்தது.

பட்டறை அண்ணை, அந்த நிறத்தைப் பிடிக்க ஏதும் வழி இருக்கிறதா?

செங்கல்பட்டு பட்டறை

அண்ணா, பழைய சிவப்பு என்பது தூளின் நிறம் மட்டும் இல்லை, அத்தனை வருடம் கால் பட்டுத் தேய்ந்ததும் சேர்ந்தது. சிமெண்டின் சொந்த நிறமே கம்பெனிக்குக் கம்பெனி, மூட்டைக்கு மூட்டை மாறும். ஈரத்தில் பொருந்துகிறது என்றால் உங்கள் மேசன் நிறத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார், மேற்பரப்பின் நெருக்கத்தில்தான் வித்தியாசம். இன்னும் மெல்லிய பேடில் இழைத்தால் கொஞ்சம் கிட்ட வரும். நானாக இருந்தால் தொட மாட்டேன், உட்கார்ந்து பழகட்டும் என்று விட்டுவிடுவேன்.

வடவள்ளி வீடு

எல்லாருடையதையும் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். வளையல் டீப்பாய் வந்தபோது நிறுத்தச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தொடரச் சொன்னார்.

பட்டறை சொன்னபடி சொரசொரப்பை இழைத்து, பாலியூரித்தேன் அடித்துவிட்டோம். மஞ்சள் அதற்கு முன்பே ஜன்னல் வெயிலில் போய்விட்டிருந்தது. நேற்று மேடையைத் துடைக்கும்போது அந்த இடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தயங்காமல் ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்து, "இங்கேதான்" என்றார்.

மாட்டுத்தாவணி

டீப்பாயை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். பட்டறை சார், அந்தப் பச்சைத் துண்டைத் திரும்ப அதே குழியில் ஒட்டலாமா? எதை வைத்து ஒட்ட வேண்டும்?