உலுரு பக்கம் பார்த்த பாலைவன அரணை: எந்த இனம்?

செம்மண்:
நடு ஆஸ்திரேலியாவில், உலுரு பக்கம் ஸ்பினிபெக்ஸ் புல் புதர்களுக்கு நடுவே, வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு அரணையைப் படம் எடுத்தேன். செம்பழுப்பு நிறம், வழவழப்பான செதில். வளைக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு இருந்தது, இன்னும் ஓர் எட்டு வைத்ததும் உள்ளே ஓடிவிட்டது. என்னிடம் உள்ள பழைய கையேடு எகெர்னியா இனோர்னாட்டா என்கிறது, உயிரினங்களை அடையாளம் காட்டும் செயலியோ லியோபோலிஸ் இனோர்னாட்டா என்கிறது, கூடவே ஸ்ட்ரையேட்டா, கின்டோரெய் என்று இன்னும் இரண்டு பெயரை நீட்டுகிறது. எதை நம்புவது?

கானல்:
மணலில் நீந்துமே, சாண்ட்ஃபிஷ், அதுதானே இது?

வளைவாசி:
இல்லை கானல், சாண்ட்ஃபிஷ் வட ஆப்பிரிக்கா, அரேபியா பக்கத்துப் பிராணி, ஆஸ்திரேலியாவில் கிடையாது. அதன் மூக்கு மண்வெட்டி மாதிரி ஆப்பு வடிவில் இருக்கும், வளையே தேவையில்லாமல் தளர்ந்த மணலுக்குள் அப்படியே பாய்ந்துவிடும்.

செம்மண், பெயர்க் குழப்பம் முதலில். எகெர்னியா இனோர்னாட்டா, லியோபோலிஸ் இனோர்னாட்டா இரண்டும் ஒரே பிராணிதான். எகெர்னியா என்ற ஒரே பேரினத்தில் பாறையிடுக்கில் வாழும் முள்செதில் அரணைகளையும் மணலில் வளை தோண்டும் வழுவழு அரணைகளையும் சேர்த்தே வைத்திருந்தார்கள். 2008-இல் மரபணுவையும் உடலமைப்பையும் பார்த்து அதைப் பிரித்தபோது, இந்த வளை தோண்டும் அரணைகள் லியோபோலிஸ் என்ற பேரினத்துக்குப் போயின. அதுவும் புதுப்பெயர் அல்ல, 1843-இலேயே ஃபிட்சிங்கர் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர் வைத்ததைத் தூசி தட்டி எடுத்தார்கள், அவ்வளவுதான்.

இனி அடையாளம். நிறத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள், செம்மண்ணில் வாழ்கிற மூன்றும் ஏறக்குறைய அதே நிறம்தான். அளவை மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை எடுங்கள், வால் அறுந்து மறுபடி வளரும் என்பதால் அது கணக்கில் வராது. இனோர்னாட்டா சுமார் 8 செ.மீ., ஸ்ட்ரையேட்டா 11 செ.மீ. வரை, கின்டோரெய் 20 செ.மீ.யை நெருங்கும். ஆனால் கின்டோரெய் குட்டியும் ஒரு கட்டத்தில் இனோர்னாட்டா அளவில்தான் இருக்கும், அதனால் அளவும் தனியாக உதவாது. கண்மணியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்ட்ரையேட்டா இரவாடி, அதன் கண்மணி பூனைக் கண் மாதிரி நெட்டுக்குத்தாக இருக்கும், மற்ற இரண்டுக்கும் வட்டம். ஒரு சிக்கல், மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படமென்றால் கண்மணி விரிந்து எல்லாமே வட்டமாகத் தெரியலாம்.

தேன்மொழி:
வளையைப் படம் எடுத்தீர்களா? எனக்கென்னவோ அரணையைவிட வளைதான் அதிகம் சொல்லும். இனோர்னாட்டாவின் வளை எளிமையானது. ஒரு வாசல், மறுமுனையில் மேல்மண்ணைத் தொடும் அளவுக்கு வந்து நிற்கும் ஒரு தப்பிக்கும் வழி, பாம்போ உடும்போ உள்ளே வந்தால் அதை உடைத்துக்கொண்டு ஓடிவிடும். கின்டோரெய் அப்படியே எதிர். குடும்பமாகத் தோண்டி, குடும்பமாகக் குடியிருக்கும். சுரங்கம் 13 மீட்டர் வரை நீளலாம், வாசல்கள் 20 வரை இருக்கலாம். வளைக்கு வெளியே எல்லாம் ஒரே இடத்தில்தான் எச்சமிடும். அந்தக் குவியல் கண்ணில் பட்டால் சந்தேகம் பாதி தீர்ந்தது. பெரிய பாலைவன அரணை என்பது இதைத்தான். அங்குள்ள பிட்ஜன்ட்ஜாட்ஜாரா மக்கள் ஜகுரா என்பார்கள். அழியும் ஆபத்துள்ள இனமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது.

செம்மண்:
சரி, இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். கண்மணி நன்றாக நெட்டுக்குத்தாகவே தெரிகிறது. எச்சக் குவியல் எதுவும் இல்லை. ஆனால் பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று துளைகள் இருந்தன, அது கின்டோரெய் ஆகாதா?

வளைவாசி:
அந்தக் கண்ணை வைத்து ஸ்ட்ரையேட்டா என்றே சொல்வேன். அதுவும் பல வாசல் வைத்துத்தான் தோண்டும், துளைகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. பதிவேற்றும்போது கண் தெரியும் படத்தை முதலில் போடுங்கள். அப்புறம் இன்னொரு தடவை போனால் துளைகளுக்கு இடையில் நடக்காதீர்கள், மணலில் தோண்டியது, மிதித்தால் இடியும்.